பேராவூரணி வட்டார மொய்விருந்து: பண்பாடும் பொருளியலும் வரலாறும்

முன்னுரை

ஆடித் திங்களில் மணவினை செய்யாமை தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம். ஆதலின் அத்திங்களில் திருமண மண்டபங்கள் வெறுமையாய்க் கிடக்கும். தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியாகிய பேராவூரணியிலும், அதனை அடுத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களிலும் நிலைமை வேறு. அங்கே ஆடியிலும் ஆவணியிலுமே மண்டபங்களில் கூட்டம் மிகுதி. வாயிலில் விருந்தளிப்போர் பெயர் தாங்கிய தட்டிகள் நிற்கும். உள்ளே ஆட்டுக்கறியோடு பந்தி நடக்கும். ஆனால், மணமக்கள் இரார். காதணி விழாவுக்குரிய குழந்தையும் இராது. மண்டபத்தின் ஒரு பக்கத்தில் மேசையிட்டு, ஏடு விரித்து எழுதுவோர் அமர்ந்திருப்பர். உண்டு எழுந்தவர் அம்மேசையை அணுகி, ஊரும் பேரும் சொல்லிப் பணம் கொடுத்துச் செல்வர். இதுவே மொய்விருந்து.

இவ்வழக்கத்தைப் பற்றி இருவகைக் கூற்றுகள் நிலவுகின்றன. பொருளியலார் இதனை வட்டியில்லாக் கடன் ஏற்பாடு என்பர். விருந்தும் உறவும் அதன் மேற்பூச்சு என்பது அவர் கருத்து. பண்பாட்டுப் பற்றுடையாரோ இதனைத் தமிழரின் பழம்பெரும் விருந்தோம்பற் பண்பின் எச்சம் எனப் போற்றுவர். பணம் அவர்க்கு ஒரு புறச்செய்தி. இவ்விரு கூற்றுகளும் ஒரு பொருளை இரு துண்டாக்கிப் பார்ப்பன என்பதும், அத்துண்டுகளை இணைத்துக் காண வரலாறு இன்றியமையாதது என்பதும் எம் கருத்து. மானிடவியல் என்னும் துறை பண்பாடு, பொருளியல், வரலாறு ஆகிய மூன்றையும் எவ்வாறு தொடர்புபடுத்துகிறது என்பதனை இம்மொய்விருந்தைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

மானிடவியலின் நோக்கு

மானிடவியல் தொடக்கத்தில் வரலாற்றைப் புறக்கணித்த துறையேயாம். ஐரோப்பியர் தம் நாட்டு மக்களை ஆராய வரலாற்று நூலையும் பொருள் நூலையும் வகுத்துக்கொண்டனர். தம் ஆட்சிக்கு உட்பட்ட மக்களை ஆராய மானிடவியலை வகுத்தனர். அம்மக்களுக்கு வழக்கங்கள் உண்டு, வரலாறு இல்லை என்பது அன்றைய துணிபு. எட்கர் தர்ஸ்டன், அரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய 7 தொகுதிகள் அத்துணிபின் அடிப்படையில் எழுந்தவை. அவற்றில் வழக்கங்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. அவை எப்பொழுது தோன்றின, எதனால் மாறின என்னும் வினாக்கள் அருகியே எழுகின்றன.

இந்நிலை படிப்படியாக மாறியது. மாலினாவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை பசிபிக் பெருங்கடலின் திரோபிரியாந்துத் தீவுகளில் தங்கி ஆராய்ந்து, 1922இல் தம் நூலை வெளியிட்டார். அத்தீவினர் சங்குக் கழுத்தணிகளை ஒரு திசையிலும் கைவளைகளை எதிர்த் திசையிலும் தீவுக்குத் தீவு கைமாற்றிக்கொண்டே இருந்தனர். அவ்வணிகள் அன்றாடப் பயனற்றவை. ஆயினும், அவற்றின்பொருட்டு அவர்கள் கடல் கடந்து சென்றனர். இலாபம் ஒன்றே மாந்தரை இயக்கும் என்னும் பொருளியற் கோட்பாட்டிற்கு இஃது ஒரு பெரும் வினாவாய் அமைந்தது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த கொடை பற்றிய கட்டுரையில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடப்பாடுகள் பல சமுதாயங்களில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காட்டினார். கொடை என்பது தன் விருப்பால் செய்வதுபோலத் தோன்றினும் உண்மையில் கட்டாயத்தன்மை உடையது என்பது அவர் கண்ட முடிபு. கார்ல் பொலானி 1944இல், பொருளாதாரம் தனித்து நிற்கும் ஒன்றன்று. உறவிலும் சமயத்திலும் ஆட்சியிலும் தோய்ந்து கிடப்பது என்றும், சந்தை அதனைத் தனியே பிரித்தது அண்மைக் கால நிகழ்ச்சி என்றும் வாதிட்டார்.

பண்பாட்டையும் பொருளியலையும் இவர்கள் இணைத்தனர். வரலாற்றை இணைக்க மேலும் சில காலம் ஆயிற்று. 1950இல் இவான்ஸ் பிரிட்சார்ட், மானிடவியல் இயற்கை அறிவியலினும் வரலாற்றுக்கே நெருங்கியது என்று தம் சொற்பொழிவொன்றில் எடுத்துரைத்தார். 1968இல் கேத்லீன் கஃப், மானிடவியல் பேரரசு ஆட்சியின் குழந்தை எனத் தம் துறையையே குற்றம் சாட்டினார். 1982இல் எரிக் உல்ஃப், வரலாறு இல்லாதவர் எனப்பட்ட மக்கள் அனைவரும் உலக வாணிகத்தாலும் ஆட்சியாலும் ஒரே வரலாற்றுக்குள் இழுக்கப்பட்டவரே என விரிவாக நிறுவினார்.

இவருள் கேத்லீன் கஃப் தஞ்சை மண்ணோடு தொடர்புடையவர். 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு ஊர்களில் தங்கி அவர் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்றற்குக் கும்பபேட்டை எனப் புனைபெயர் இட்டார். 1976இல் மீண்டும் வந்து மாற்றங்களை அளந்தார். அவர்க்குப் பின் ஆந்த்ரே பெத்தேய் திருவையாற்றை அடுத்த ஓர் ஊரில் 1961-62இல் தங்கினார். ஸ்ரீபுரம் என்னும் புனைபெயரில் அவ்வூரைப் பற்றி எழுதிய நூலை 1965இல் வெளியிட்டார். இவர்களுக்கும் முன்னரே, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 அளவில் தம் மாணவரைக் கொண்டு சில ஊர்களை ஆராய்ந்தார்; 1918இல் வெளியான அத்தொகுப்பில் தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் இடம்பெற்றது. ஸ்லேட்டரின் நூலில் நிலம், விளைச்சல், வரவு, செலவு, கடன் ஆகியன முதன்மை பெறுகின்றன. கஃபும் பெத்தேயும் அவற்றைச் சாதி, உறவு, அதிகாரம் ஆகியவற்றோடு சேர்த்துக் காண்கின்றனர். ஆயினும், இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை காவிரியின் பழைய பாசனப் பரப்பைச் சார்ந்தவை. பேராவூரணி அப்பரப்பிற்குப் புறத்தது. இவ்வேறுபாட்டின் பொருளைப் பின்னர்க் காண்போம்.

மொய்: சொல்லும் வழக்கும்

மொய் என்னும் சொல் நெருங்குதல், சூழ்தல், திரளுதல் என்னும் பொருளில் பழந்தமிழில் பயின்று வருவது. பெயராகுங்கால் கூட்டத்தையும் குறிக்கும். ஈ மொய்த்தது, வண்டு மொய்த்தது என இன்றும் வழங்குகிறோம். சிறப்பு நாள்களில் பலர் கூடி அளிக்கும் பொருளையும் இச்சொல் குறிப்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி எடுத்துக்காட்டுகிறது. கூட்டத்தைக் குறித்த சொல் கூடினோர் தந்த பொருளுக்கு ஆகி வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். தென் மாவட்டங்களில் இதனையே செய்முறை என்பர். அச்சொல்லில் கூட்டத்தினும் முறைமையே முன்னிற்கிறது.

மொய் வேறு, சீர் வேறு. தாய்மாமன் சீர் உறவின் உரிமையால் வருவது. அதனை அதே அளவில் திருப்பித் தரவேண்டும் என்னும் கணக்கு இல்லை. மொய்யோ எழுதப்படுவது. எழுதுதல் என்னும் வினையே அதற்கு உரியதாயிற்று. மொய் எழுதினான் என்பதே வழக்கு. எழுதப்பட்டமையின் அது நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதால் திரும்ப வேண்டியதாகிறது.

பொதுவான மொய், மணம், காதணி, புதுமனை புகுதல் போன்ற வீட்டு நிகழ்ச்சிகளில் வருவது. ஒருவர் பல்லாண்டு பலர் வீட்டு நிகழ்ச்சிகளுக்குச் சென்று மொய் எழுதியிருப்பார். தம் வீட்டில் அத்தகைய நிகழ்ச்சி வாராதொழியின், அவர் கொடுத்தது திரும்ப வழியில்லை. இக்குறையை நீக்கவே, நிகழ்ச்சி எதுவுமின்றி விருந்தை மட்டும் நடத்தி மொய் பெறும் வழக்கம் தோன்றிற்று என இவ்வட்டாரத்து முதியோர் கூறுவர். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. மற்ற ஊர்களில் நிகழ்ச்சியின் துணையாய் நின்ற மொய், ஈண்டுத் தானே நிகழ்ச்சியாயிற்று.

விருந்தின் அமைப்பு

விருந்து பெரும்பாலும் ஒருவர் தனித்து நடத்துவதன்று. பலர் சேர்ந்து ஒரு மண்டபத்தை எடுத்து, அழைப்பிதழில் அனைவர் பெயரையும் அச்சிட்டு, கறிச்செலவைப் பகிர்ந்துகொள்வர். பந்தி பொது; மொய் மேசை மட்டும் ஒவ்வொருவர்க்கும் தனி. அழைக்கப்பட்டவர் தமக்குத் தொடர்புடையார் மேசைகளில் எழுதிச் செல்வர். ஒருவர் ஒரு முறை விருந்து நடத்தின், மறுமுறை நடத்த ஐந்தாண்டு கழியவேண்டும் என்பது முறை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பிறர் விருந்துகளுக்குச் சென்று தாம் பெற்றதைத் திருப்பிச் செய்துகொண்டிருப்பார்.

மொய் ஏட்டில் ஊர், பெயர், தொகை ஆகிய மூன்றும் இடம்பெறும். விருந்து முடிந்தபின் அதனை ஊர்வாரியாகப் பகுத்து எழுதி வைத்துக்கொள்வர். பிறர் அழைப்பிதழ் வந்தவுடன் குடும்பத்தார் முதலில் புரட்டுவது அவ்வேட்டையே. தமக்கு அவர் என்ன செய்தார் என்பதைக் கண்டு, அதற்குக் குறையாமல் செய்வர். ஒருவர் 1,000 ரூபாய் எழுதியிருந்தார் என்க. அவர் விருந்தில் இவர் 1,000 மட்டும் எழுதின் கணக்கு நேராகும். இருவரிடையே ஓடிய மொய் அத்துடன் நிற்கலாம். 1,500 எழுதின், 1,000 பழைய மொய்யைத் தீர்க்கும். எஞ்சிய 500 புதிய மொய்யாய் எதிர்த்தரப்பில் நிற்கும். தொடர்பை நீட்டிக்க விரும்புவோர் கூட்டி எழுதுவர். கூட்டி எழுதிய பகுதியை வட்டி எனக் கொள்ளுதல் பிழை. வட்டி கொடுத்தவனுக்குப் போய்ச் சேர்ந்து முடிவது. இங்கோ கூடுதற்பகுதி கொடுத்தவர்க்கே பின்னாளில் திரும்புவது.

தொகை சிறிதன்று. 2022இல் இவ்வட்டாரத்தில் நடந்த ஒரு விருந்தில் மொய் பத்துக் கோடி ரூபாய் அளவில் சேர்ந்ததாக நாளிதழ்கள் எழுதின. பெரும்பாலான விருந்துகள் இலட்சங்களில் அமைவன. எழுதுவோர்க்குப் பக்கத்தில் இப்பொழுது பணம் எண்ணும் பொறியும், கணினியும், சீட்டு அச்சிடும் கருவியும் இடம்பெறுகின்றன. திரளும் பணம் ஆழ்துளைக் கிணற்றிற்கும், நிலம் வாங்குதற்கும், பிள்ளைகள் கல்விக்கும், தொழில் தொடங்குதற்கும், பழைய கடன் தீர்த்தற்கும் செலவாகிறது.

கடனோ கொடையோ

இவ்வமைப்பைச் சீட்டு என்று கூறிவிடலாமா? கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962இல் சுழற்சிச் சீட்டுச் சங்கங்களைப் பற்றி எழுதினார். உழவர் சமுதாயம் சந்தைப் பொருளாதாரத்தை நோக்கி நகரும் வழியில் அவை ஓர் இடைப்படி என்றார். மொய்விருந்திலும் சிறு தொகைகள் திரண்டு ஒருவர்க்குப் பெருந்தொகையாகின்றன. முறை வைத்துச் சுழல்கின்றன. ஆயினும், சீட்டில் ஒரு தலைவர் உண்டு. உறுப்பினர் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. இறுதி நாள் உண்டு. மொய்யில் தலைவர் இலர், எல்லை இல்லை, ஒவ்வொரு கணக்கும் இருவரிடையே மட்டும் ஓடுவது. ஆயிரம் பேர் எழுதிய விருந்தில் ஆயிரம் தனிக் கணக்குகள் உள. ஒருவர் தவறினாலும் ஏனைய கணக்குகள் கெடுவதில்லை.

கடன் என்றே கூறலாமா? கடனுக்குப் பத்திரமும் தவணையும் பிணையும் வேண்டும். மொய்க்கு இவை இல்லை. திருப்பும் நாளைக் கொடுத்தவரே தாம் விருந்து வைக்கும் நாளால் குறிக்கிறார். திருப்பாதவர் பெயர் கெடும். ஊரில் பேச்சு எழும். அவர்தம் விருந்துக்குப் பிறர் வாரார். தந்தை பெற்ற மொய்யை மகன் செய்வது கடமையாகக் கருதப்படும். நீதிமன்றம் செய்யும் பணியை ஈண்டு மானம் செய்கிறது.

கொடையாயின் உடனே திருப்பித் தருவது ஏன் இழுக்காகிறது என்பதும் எண்ணத்தக்கது. பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியு, கொடைக்கும் எதிர்க்கொடைக்கும் இடைப்பட்ட காலமே கொடையைக் கொடையாக வைத்திருக்கிறது என்று காட்டினார். வாங்கிய மறுநாளே அதனைத் திருப்பித் தரின் அது கொடையை மறுத்தலாகும். மொய்விருந்தின் ஐந்தாண்டு இடைவெளி அவ்வாறு பணி செய்கிறது. அவ்விடைவெளியில் பெற்றவர் பணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறார்; கொடுத்தவரோடு உள்ள உறவும் கெடாமல் நிற்கிறது. பொருளியற் பயனும் உறவின் பயனும் ஒரே காலவெளியில் விளைகின்றன. எனவே, ஒன்றை மேற்பூச்சு என்றும் மற்றொன்றை உண்மை என்றும் பிரித்தற்கு இடமில்லை.

இத்தகைய வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. வடகேரளத்தில் குறிக்கல்யாணம், பணப்பயற்று என்னும் பெயர்களில் இதனை ஒத்த விருந்துகள் நடந்து வந்துள்ளன. செக்கியே எக்லார் 1960இல் வெளியிட்ட பஞ்சாப் சிற்றூர் பற்றிய நூல், வர்த்தன் பாஞ்சி எனப்படும் கொடுக்கல் வாங்கலை விரிவாக ஆராய்கிறது. அங்கும் கூட்டித் திருப்புதலே உறவை நீட்டிக்கிறது. தனிச்சிறப்பு எனப் பெருமை கொள்ளுதலினும், ஒத்த வழக்கங்கள் வேறு வேறு மண்ணில் தோன்றிய காரணங்களை ஒப்பிடுதலே ஆய்வாளர்க்குத் தகும்.

இலக்கியமும் கல்வெட்டும்

மொய்யின் தொன்மையைச் சங்க இலக்கியத்திலேயே காட்டிவிடலாம் என்று சிலர் கருதுவர். இதில் எச்சரிக்கை வேண்டும். குறியெதிர்ப்பை என்னும் அருஞ்சொல் ஒன்று உண்டு. அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருதல் அதன் பொருள். புறநானூற்று 163ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், குமணன் நல்கிய செல்வத்தை எவரெவர்க்கெல்லாம் வழங்கவேண்டும் என மனைவிக்குக் கூறுமிடத்து, இவ்வாறு குறியெதிர்ப்பை தந்து பசி தீர்த்தாரையும் சேர்த்துக்கொள்கிறார். வறுமையுற்ற புலவர் இல்லத்தில் அண்டை வீட்டாரிடம் அளந்து வாங்கி அளந்து தரும் வழக்கம் இருந்தது என்பது இதனால் தெளிவு. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வறியார்க்கு ஈவதனையே ஈகை எனக் கொண்டு, ஏனைய கொடைகளைக் குறியெதிர்ப்பையின் நீர்மையுடையன என ஒதுக்குகிறார்.

வள்ளுவர் வகுத்த இப்பாகுபாடு மானிடவியலார்க்குப் பெரிதும் பயன்படுவது. ஜோனத்தன் பாரி 1986இல், இந்தியச் சமய நூல்கள் போற்றும் தானம் மோஸின் கோட்பாட்டிற்கு அடங்காதது. அது திரும்பி வராமையையே விதியாக உடையது என்று எழுதினார். திரும்பாத கொடைக்கும் திரும்பும் கொடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் அறநூல் தெளிந்த கலைச்சொல்லோடு முன்னரே வரையறுத்திருக்கிறது. ஒப்புரவறிதல், ஈகை, செய்ந்நன்றியறிதல் என வள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தமையையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும். ஆனால், குறியெதிர்ப்பையிலிருந்து மொய்விருந்து வழிவழி வந்தது என்று கூற அச்சொல் சான்றாகாது. அண்டை வீட்டில் அரிசி அளந்து வாங்குதல் வேறு. ஆயிரம் பேரை அழைத்துப் பணம் திரட்டுதல் வேறு. ஒத்த எண்ணம் இருந்தமை ஒன்று. தொடர்ச்சி இருந்தமை மற்றொன்று.

கல்வெட்டுகள் தரும் காட்சி வேறுவகையது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், அரசனும் அரச குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த காசுகளை ஊர்ச்சபைகள் பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை செலுத்தியதைக் கூறுகின்றன. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டு, நாள்தோறும் உழக்கு நெய் பெறப்பட்டது. ஆடுகள் இறப்பினும் மூப்பினும் எண்ணிக்கை குறையலாகாது; அதனால் அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. ஜார்ஜ் ஸ்பென்சர் 1968இல் இவற்றை ஆராய்ந்து, கோயில் ஒரு கடன் நிறுவனமாகவும் இயங்கியதைக் காட்டினார். இங்கே பொருள் மேலே, இறைவனிடம் சென்று, கோயில் வழியே கீழே இறங்குகிறது. முதல் என்றும் கோயிலினது. பெற்றவர் என்றும் கடன்பட்டவரே. மொய்யிலோ பெற்றவர் நாளை கொடுப்பவராவர். சோழர் காலத் தஞ்சையின் சிறப்பு மிக்க பொருளியல் ஏற்பாட்டிற்கும் இன்றைய பேராவூரணியின் ஏற்பாட்டிற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இவ்வட்டாரத்தில் வேரூன்றிய காரணம்

ஓரிடத்து வழக்கத்தை அவ்விடத்து வரலாற்றோடு வைத்துப் பார்த்தாலன்றி அதன் காரணம் விளங்காது. காவிரியின் பழைய பாசனப் பரப்பில் பிரமதேயங்களும் கோயில் நிலங்களும் பின்னாளில் மிராசு உரிமைகளும் வலுப்பெற்றன. நிலமுடையார் ஒரு சாரார், குத்தகையாளர் ஒரு சாரார், பண்ணையாள்கள் ஒரு சாரார் எனச் சமுதாயம் படிநிலையாய் அமைந்தது. கஃபும் பெத்தேயும் ஆராய்ந்த ஊர்கள் இத்தகையன. தஞ்சை மாவட்டத்துக்கெனவே 1952இல் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேண்டியதாயிற்று என்பது அப்படிநிலையின் கடுமையைக் காட்டும். இத்தகைய ஊரில் மிராசுதாரர் பண்ணையாளுக்குக் கொடுக்கலாம். பண்ணையாள் மிராசுதாரர்க்கு அதே அளவில் திருப்பிக் கொடுத்தல் இயலாது. கொடுப்பவரும் பெறுபவரும் இடம் மாறிக்கொள்ளும் நிலை இன்றி மொய்விருந்து நடவாது.

பேராவூரணிப் பகுதி ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பியிருந்த நிலம். 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியதை ஒட்டிக் கல்லணைக் கால்வாய் இப்பகுதிக்கு நீர் கொணர்ந்தது. மக்கள் அதனைப் புதாறு என்பர். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் அது முடிகிறது. எனவே, பேராவூரணி இக்கால்வாயின் கடைமடைப் பகுதி. நீர் வரும் ஆண்டும் உண்டு. வாராத ஆண்டும் உண்டு. நெல்லை மட்டும் நம்ப இயலாத உழவர் தென்னையை வளர்த்தனர். ஆழ்துளைக் கிணறு தோண்டினர். கடல் கடந்தும் பொருள் தேடினர். இங்குச் சிறு நில உடைமையாளர் மிகுதி. அவர்க்கு ஒருகாலத்தில் ஒருசேரப் பெருந்தொகை வேண்டும்; ஆனால் வரவோ சிறிது சிறிதாக, ஆண்டுக்கு ஆண்டு ஏறியும் இறங்கியும் வரும். ஏறத்தாழ நிகரான நிலையினர் பலர், வேறு வேறு காலங்களில் பெருந்தொகை வேண்டியவராய் ஓரிடத்தில் வாழ்ந்தமையே மொய்விருந்து வேரூன்றிய நிலைக்களம் என்பது எம் முடிபு. இதன்படி மொய்விருந்து, சங்க காலத்தின் எச்சம் என்பதினும், இருபதாம் நூற்றாண்டுப் பாசன வரலாற்றின் விளைவு என்பதே பொருத்தமாம். பழைய மொய்யும் பழைய விருந்தும் அதற்குக் கருவிகளாயின.

வழக்கத்தின் மறுபக்கம்

இவ்வழக்கத்தைப் போற்றுவோர் பேசாது விடும் செய்திகள் சில உள. கொடுக்க இயலாதவர் இவ்வட்டத்திற்குள் நுழைதல் அரிது. நிலமற்ற கூலியாளர்க்கு மொய் ஏட்டில் இடம் குறைவு. நிகரானோர் கூட்டம் என்பதே நிகரல்லாரை விலக்கிய கூட்டமும் ஆம். கணக்கு பெரும்பாலும் குடும்பத் தலைவன் பெயரில் ஓடினும், அழைப்பிதழ்கள் குவியும் ஆடியில் வீட்டுச் செலவைச் சுருக்குவோர் பெண்டிரே. ஒரே நாளில் பல விருந்துக்கு அழைப்பு வரின், கையில் பணமில்லாதவர் வட்டிக்கு வாங்கியேனும் மொய் எழுதுவர். வட்டியில்லா ஏற்பாடு இவ்வாறு வட்டிக்கடைக்கு வழிகாட்டுவதும் உண்டு. திரண்ட தொகையை ஆடம்பரத்திற் செலவிட்டவர் அடுத்த ஐந்தாண்டும் இடர்ப்படுவர்.

புறத்தே நிகழும் மாற்றங்களும் இக்கணக்கைத் தாக்குகின்றன. 2016 நவம்பர் 8இல் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபொழுது பணமாகவே ஓடும் இவ்வழக்கம் தளர்ந்தது. 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நட்ட தென்னங்கன்று நன்கு காய்க்க ஐந்தாறு ஆண்டுக்கு மேலாகும். மொய்யின் சுழற்சியும் ஐந்தாண்டே. தோப்பை இழந்த ஆண்டிலும் பிறர் விருந்து நின்றபாடில்லை. வருவாய் இல்லாமலே திருப்ப வேண்டியவராயினர் பலர். அடுத்து வந்த ஆடியில் விருந்து வைத்தவர்க்கு மொய் குறைந்தது. 2020இல் பெருந்தொற்றால் கூட்டங்கள் தடைப்பட, முறை வந்தும் விருந்து வைக்க இயலாதார் காத்திருந்தனர். இந்நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் மொய் ஏடுகளில் தம் சுவட்டைப் பதித்துள்ளன.

மொய் ஏடு ஓர் ஆவணம்

இவ்வேடுகளை ஆவணமாகக் கருதிப் பேணவேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதன்மையான வேண்டுகோள். அரசரும் கோயிலும் கல்லில் வெட்டியவற்றை நாம் அரிதின் முயன்று படியெடுத்தோம். மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது. உழவர் தம் கையால் தாமே எழுதிய கணக்கோ பரண்மேல் கிடந்து செல்லரிக்கிறது. கணக்குத் தீர்ந்த ஏட்டை வைத்திருப்போர் சிலரே. அண்மைக் காலச் சீட்டுகள் வெப்பத்தால் அச்சிடப்படும் தாளில் வருவன. சில ஆண்டுகளில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும்.

இவ்வேடுகளிலிருந்து அறியக்கூடுவன பல. ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் குறித்தால், ஒரு குடும்பத்தின் தொடர்பு எத்துணைத் தொலைவு பரந்தது என்பது புலனாகும். மாவட்ட எல்லை உறவுக்கு எல்லையாகாமையும் விளங்கும். ஒரே இருவரிடையே ஓடிய தொகைகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், பண மதிப்பின் வீழ்ச்சியும் உறவின் வளர்ச்சியும் தேய்வும் தெரியும். புயலுக்கு முற்பட்ட ஏட்டையும் பிற்பட்ட ஏட்டையும் ஒப்பிட்டால், இடர்க்காலத்தில் யார் யாரைத் தாங்கினர் என்பது வெளிப்படும். பெயருக்கு முன்னும் பின்னும் எழுதப்படும் அடைகள் மொழியாராய்ச்சிக்கும் உதவும்.

இப்பணியில் அறம் ஒன்றும் பேணப்படவேண்டும். ஏட்டில் உள்ளவை வாழும் மக்களின் கணக்குகள். இன்னார் இன்னார்க்குக் கடன்பட்டவர் என்பது வெளிப்படின் அவர் மானம் கெடும். கும்பபேட்டையும் ஸ்ரீபுரமும் புனைபெயர்களே என்பதனை நம் மாணவர் நினைவில் இருத்துதல் வேண்டும். உரியவர் இசைவோடு படியெடுத்தலும், ஆட்பெயர்களை மறைத்தலும், மூல ஏட்டை உடையவரிடமே விடுத்தலும் முறையாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். மொய்விருந்தைப் பொருளியலால் மட்டும் அளப்பின் அஃது ஏன் பத்திரமின்றி நடக்கிறது என்பது விளங்காது. பண்பாட்டால் மட்டும் அளப்பின் பணம் எண்ணும் பொறி அங்கு ஏன் நிற்கிறது என்பது விளங்காது. இவ்விரண்டையும் சேர்த்து அளப்பினும், அவ்வழக்கம் கும்பபேட்டை போன்ற ஊர்களிலன்றிப் பேராவூரணியில் ஏன் ஓங்கி வளர்ந்தது என்பது கால்வாயின் வரலாறும் கடைமடையின் வரலாறும் அறிந்தாலன்றி விளங்காது. மானிடவியல் இம்மூன்றையும் ஒருங்கே நோக்கக் கற்றது நெடுங்காலத்திற்குப் பின்னரே. அதுவும் தொலைத் தீவுகளின் சங்கணிகளைக் கொண்டு கற்றது.

நம்மிடையே அதற்கினும் விரிந்த சான்று எழுத்து வடிவில் உள்ளது. தமிழ் ஆய்வாளர் இலக்கியத்தையும் கல்வெட்டையும் பயிலும் கூர்மையோடு மொய் ஏட்டையும் பயில வேண்டும். இப்பகுதியிலிருந்து வரும் முதுகலை மாணவர் பலர்க்கு அவ்வேடு தம் வீட்டுப் பரணிலேயே உண்டு. அதனை வரும் ஆடிக்கு முன் இறக்கித் தூசு தட்டிப் படியெடுப்பாராயின், கல்வெட்டுகளில் இடம்பெறாத மக்களின் வரலாற்றுக்கு ஒரு தொடக்கம் அமையும்.